மிச்சம் வைக்கக்கூடாத பாத்திரம்

ஜூன் 3, ஞாயிறு

புதுக் குருவானவர் நடத்திய முதல் திருவிருந்து இன்று. பெயர் கோயில்பிள்ளை. வயது நாற்பத்தெட்டு என்கிறார்கள், பார்த்தால் இரண்டு மூன்று கூடச் சொல்லலாம். குரல் நன்றாக இருக்கிறது. பிரசங்கம் நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்தது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் பீடத்துப் பாத்திரங்களைக் கழுவ, பீடத்துக்குப் பக்கத்து வெஸ்ட்ரி அறைக்குள் போனேன். கோயில்பிள்ளை ஐயர் அங்கியைக் கழற்றிக்கொண்டே திராட்சரசம் நன்றாக இருந்ததாகச் சொன்னார். தலையை ஆட்டினேன். உடனே, "அடுத்த மாசம் இதுல பாதி வச்சாப் போதும் டீச்சர். சீனியும் கொஞ்சம் குறைச்சிருங்க" என்றார்.

கிருபைபுரம் கோயிலுக்குத் திராட்சரசம் காய்ச்சுவது எங்கள் வீட்டு ஊழியம். முன்பு என் மாமியார் காய்ச்சினார்கள். அவர்களுக்குப் பின் முப்பத்தொரு வருஷமாக நான். திராட்சை ஒரு படி என்றால் சீனியும் ஒரு படி. வெள்ளிக் கூஜாவில் கழுத்துவரை நிற்க வேண்டும். ஏழு ஐயர்மார் வந்து போய்விட்டார்கள். ஒருவரும் எனக்கு அளவு சொன்னதில்லை.

இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். முதலில் பாதி. அப்புறம் கடைப் பாட்டில். அப்புறம், "உங்களுக்கும் வயசாச்சு டீச்சர்" என்று ஒரு சால்வை. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். சால்வை எதற்குப் போர்த்துவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 7, வியாழன்

நேற்று கருப்பட்டிப் பாகில் முந்திரிக்கொத்து செய்து, ஐயர் குடியிருக்கும் குருமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயரின் மனைவி, ஐயரம்மா ஹெப்சிபா, சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார். இன்று காலை கோயில் வேலைகள் பார்க்கும் கோயில்குட்டி மாசிலாமணி மணியடித்துவிட்டு எதையோ மென்றுகொண்டு வருகிறான். என்ன என்று கேட்டால், "ஐயரம்மா குடுத்தாவ டீச்சர், நீங்க செஞ்சதாமே, டப்பாவோட தந்துட்டாவ" என்கிறான்.

ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. என் கையால் செய்தது அந்த வீட்டில் தொண்டைக்குள் இறங்காதாம்.

ஜூன் 14, வியாழன்

காஸ் வந்தது. முருங்கையில் கம்பளிப்பூச்சி. மாசிலாமணியை வைத்துத் தீப்பந்தம் காட்டினேன்.

மத்தியானம் ஐயர் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். ஒரு செம்பு. ஜெபம் முடிந்து இன்னொரு செம்பு. பிறகு கொல்லைப்பக்கம் போய்வரலாமா என்று கேட்டார். வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஜெபிக்க வந்தவர் வீட்டை முன்னும் பின்னும் எதற்குச் சுற்றிப் பார்க்கிறார்?

ஜூலை 1, ஞாயிறு

பாதி வைக்கவில்லை. எப்போதும் வைப்பதைத்தான் வைத்தேன்.

மாமியார் காலத்தில் முந்நூறு பேர் திருவிருந்து எடுத்தார்கள். இப்போது பிள்ளைகள் எல்லாம் சென்னை, துபாய் என்று போய்விட்டார்கள். இன்று எண்ணினேன், நூற்றிருபத்தைந்து பேர். கூஜாவில் முக்கால்வாசி மிச்சம். ஜெபித்து ஆசீர்வதித்த ரசம் ஆண்டவருடைய இரத்தம், அதை மிச்சம் வைக்கக்கூடாது. வீட்டுக்கும் கொண்டுபோகக்கூடாது. நடத்தின ஐயர்தான் குடித்துத் தீர்க்க வேண்டும். எங்கள் சபையில் அதுதான் வழக்கம். முன்னால் இருந்த ஐயர் ஏப்பம் விட்டுக்கொண்டே குடிப்பார்.

இவர் கூஜாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். முப்பத்தொரு வருஷத்தில் அந்தக் கதவு என் முகத்துக்கு எதிரே சாத்தப்பட்டதில்லை. கால்மணி நேரம் கழித்துப் போனபோது கூஜா காலி. ஐயரின் உதட்டைப் பார்த்தேன். கருப்புத் திராட்சை குடித்த உதடாகத் தெரியவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

ஐயர் காலில் கருப்பு ஷூ. உள்ளே சாக்ஸ். அதோடு பீடத்தில் ஏறி நிற்கிறார். எங்கள் கோயிலில் கைக்குழந்தைகூட வாசலில் செருப்பை விட்டுவிட்டுத்தான் வரும். கமிட்டியில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் கமிட்டியில் இருக்கிறேன், நானும் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றுதான்.

வலது காலை ஊன்றும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நடை சரியில்லை. புது ஷூ கடிக்கிறது போல. நல்லாக் கடிக்கட்டும்.

ஜூலை 20, வெள்ளி

உபவாச ஜெபம். காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை பச்சைத்தண்ணீர் மட்டும். பெண்கள் ஐக்கியத்தில் இருபது பேர் இருந்தோம்.

பதினொன்றரை மணிக்கு எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடியிருந்தோம். நான் ஒரு கண்ணைத் திறந்தேன். ஐயர் பிரசங்க மேடைக்குப் பின்னால் திரும்பி நின்று, அங்கிப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து வாயில் போட்டார். ஒன்றல்ல, மூன்று. கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை. குற்றமுள்ள கை நடுங்கத்தானே செய்யும்.

சாயங்காலம் அதே வாயால் உபவாசத்தின் வல்லமை பற்றிப் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்காக எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதிக்கொள்கிறேன். வெட்கம் மட்டுமல்ல. இவரைப் பிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷமும் இருந்தது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து கதவைச் சாத்தினார். நான் வீட்டுக்குப் போகிறவள்போல் போய், கிணற்றடியைச் சுற்றி வெஸ்ட்ரியின் பின்பக்கம் வந்து நின்றேன். ஐயர் கூஜாவோடு வெளியே வந்தார். வேப்ப மரத்தடியில் குனிந்து, ஏதோ முணுமுணுத்து, முழுவதையும் மண்ணில் ஊற்றினார். பிறகு கையால் மண்ணைத் தள்ளி மூடினார். நான் வெள்ளிக்கிழமை பூராவும் அடுப்படியில் நின்று காய்ச்சினது.

மாசிலாமணியைக் கூப்பிட்டு விசாரித்தேன். "போன மாசமும் அங்கனதான் ஊத்துனாவ டீச்சர். ஜெபம் பண்ணிட்டுத்தான் ஊத்துதாவ. நான் என்னத்தச் சொல்ல?" என்றான்.

ஆகஸ்ட் 6, திங்கள்

பேராயர் அலுவலகத்துக்கு எழுதினேன். ஒரு பக்கம்தான். பெயர் போடவில்லை. பயந்து அல்ல, பெயர் போட்டால் சொந்தப் பகை என்பார்கள். என் கையெழுத்து இந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், அவர்களுக்கு அ ஆ எழுதிக் கொடுத்ததே நான்தான். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, சதுரம் சதுரமாக எழுதினேன். டவுன் வரைக்கும் பஸ்ஸில் போய்த் தபாலில் போட்டேன்.

வரும்போது முழங்கால் வலி. தைலம் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 9, வியாழன்

கடிதத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுதினேன். "ஆண்டவருடைய இரத்தத்தை அருவருக்கிறார்" என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாமோ என்று தோன்றுகிறது. ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

ஆகஸ்ட் 22, புதன்

பேராயர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து விசாரித்தார். கமிட்டி முழுவதும் உட்கார்ந்திருந்தோம். மொட்டைக் கடிதம் ஒன்று வந்திருப்பதாகச் சொல்லி அதை வாசித்தார். என் வாக்கியங்கள் மற்றவர் வாயில் கேட்க நன்றாக இல்லை.

ஐயர் எழுந்து, ஊற்றியது உண்மைதான் என்றார். ஏன் என்று கேட்டார்கள். ஐயரம்மா ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்பதுபோல் அவரையே பார்த்தார். அவர் சொல்லவில்லை. "தப்புதான். இனி ஊத்த மாட்டேன்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர் சமாதானமாகத்தான் பேசினார். மரியாதையாக மண்ணில் சேர்ப்பதும் சில சபைகளில் உண்டு, அதற்கு முதலில் இங்கே கமிட்டியில் பேசியிருக்கலாம் என்றார். கடைசியில், அடுத்த திருவிருந்தில் மிச்சத்தைக் கமிட்டியார் இரண்டு பேர் முன்னால் குடிப்பது என்று முடிவானது. நானும் பொருளாளரும்.

காரணம் உள்ளவன் சொல்லியிருப்பான். சொல்லாததிலேயே தெரிகிறதே.

செப்டம்பர் 1, சனி

காய்ச்சி இறக்கிவிட்டேன். திராட்சை இந்த முறை நன்றாக இருந்ததால் கொஞ்சம் கூடப் போட்டேன். சீனியும் கை தவறிக் கூடிவிட்டது. கை தவறித்தான்.

செப்டம்பர் 2, ஞாயிறு

நூற்றுப் பதினெட்டுப் பேர். கூஜா அப்படியே இருந்தது போலத்தான் இருந்தது.

வெஸ்ட்ரியில் நானும் பொருளாளரும் சுவரோரம் நின்றோம். ஐயர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. திருவிருந்து நடத்தும் நாளில் வெறும் வயிறாகத்தான் இருப்பார் போல. கிண்ணத்தில் ஊற்றி ஊற்றிக் குடித்தார். முதல் கிண்ணம், இரண்டாவது, மூன்றாவது. மூன்றாவதில் ஐயரம்மா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "போதும், வைங்க" என்றார். ஐயர் பேசாதே என்று கையைக் காட்டினார். மொத்தம் ஐந்து. கடைசியில் கூஜாவில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தார்.

ஐயரம்மா என்னைப் பார்த்தார். பொருளாளரைப் பார்க்கவில்லை.

எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், இறங்கவில்லை. வெயில் அதிகம்.

செப்டம்பர் 3, திங்கள்

காலை ஏழு மணிக்கு மாசிலாமணி ஓடிவந்தான். ஐயர் குளியலறையில் விழுந்து கிடந்தாராம். பேச்சு மூச்சு இல்லை. அவனும் வாடகைக் கார் டிரைவருமாகத் தூக்கி வண்டியில் போட்டிருக்கிறார்கள். போகிற அவசரத்தில் காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்துவிட்டதாம். "பாதத்துல ஒரு குழி டீச்சர். வீச்சம் தாங்கல. இந்தக் காலோடயா மனுசன் வீடு வீடா நடந்தாவ?" என்று சொல்லிவிட்டு அங்கேயே குத்தவைத்து அழுதான்.

பதினொரு மணிக்குச் செய்தி வந்தது. சர்க்கரை ஐந்நூற்று நாற்பதாம். பத்து வருஷமாக இருக்கிறதாம். ஊரில் யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 4, செவ்வாய்

அடுப்பு மூட்டவில்லை.

செப்டம்பர் 5, புதன்

ஏன் மறைத்தார்? சொல்லியிருந்தால் நான் பாதிதானே வைத்திருப்பேன். சொல்லாதது அவர் தப்பு. பத்து வருஷம் மறைத்து வைத்தவரைப் பற்றிச் சந்தேகப்படாமல் என்ன செய்வது? இன்று முழுக்க இதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். தண்ணீர், பிஸ்கட், ஷூ, முந்திரிக்கொத்து. எல்லாவற்றையும் நான்தான் பார்த்தேன். வேறு யாரும் இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை. இவ்வளவும் பார்த்த எனக்கு ஏன் விளங்கவில்லை?

காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். பாதம் தங்குமா என்று இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 8, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிளாஸ்க்கில் கஞ்சி, உப்பு குறைத்து. ஐயர் தூக்கத்தில் இருந்தார். கால் ஒரு தலையணை மேல், பெரிய கட்டு. ஐயரம்மா என்னை உட்காரச் சொல்லிக் கஞ்சியை வாங்கி வைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் போனேன். முருங்கை காய்த்திருக்கிறது, அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 11, செவ்வாய்

மறுபடி போனேன். வராந்தா பெஞ்சில் ஐயரம்மா உட்கார்ந்திருந்தார். பாதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறாராம், புண்ணில் ஒரு நாள்கூட அழுக்குப் படக்கூடாதாம். அவராகவே பேசினார். கல்யாணம் ஆன மூன்றாம் வருஷமே சர்க்கரை வந்துவிட்டதாம். முதலில் இருந்த சபையில் யாரோ, ஊருக்கெல்லாம் சுகம் கிடைக்க ஜெபிக்கிற ஐயருக்கே வியாதியா என்று கேட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து ஒளிக்க ஆரம்பித்தவர்தான். மாத்திரையைக்கூட வேதப்புத்தக உறைக்குள் வைத்திருப்பாராம்.

"எத்தனையோ பேரு தலையில கை வச்சு ஜெபிச்சாவ டீச்சர். தன் காலைக் குனிஞ்சு பாக்கல. இதுவும் ஆண்டவர் குடுத்ததுதானே, இதப் பாக்கிறதும் ஊழியந்தானேன்னு நான் சொல்லாத நாள் கிடையாது. கேட்டாத்தானே" என்றார்.

அப்போது சொல்லிவிட்டேன். கடிதம் நான்தான் எழுதினேன் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ரசம் கூட வைத்தேன், சீனி கூடப் போட்டேன் என்றேன். கை தவறவில்லை என்றும் சொன்னேன்.

நான், அந்த ரசத்தால்தானா என்று கேட்டேன். புண் ஏழு மாதமாக இருக்கிறது, அந்த ரசம் இல்லாவிட்டாலும் ஒரு நாள் விழுந்துதான் இருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். ஆனால் அன்றைக்கு விழுந்தது எதனால் என்று டாக்டரிடம் கேட்கவில்லையாம். கேட்கப் பிடிக்கவில்லையாம்.

ஐயரிடம் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்க எழுந்தேன். ஐயரம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்பச் சொல்லாதீங்க. சொன்னா உங்களுக்குத்தான் லேசாகும். அவங்களுக்கு ராத்திரி தூக்கம் போகும், சர்க்கரை ஏறும். கால் ஆறட்டும். அதுவரைக்கும் அத நீங்கதான் மனசுல வச்சிருக்கணும்."

சரி என்றேன்.

"புண்ணுக்குத் தினமும் கட்டு மாத்தணும். எனக்கு ரத்தம் பாத்தா தலை சுத்தும். நர்ஸம்மா உங்களுக்குக் காட்டித் தருவாவ. வீட்டுக்கு வந்ததும் காலையில ஏழு மணிக்கு வந்திருங்க. கைக்குச் சோப்புப் போட்டு வாங்க."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஏழு மணிக்கு வரச் சொன்னார்.

செப்டம்பர் 24, திங்கள்

முதல் நாள். கையை மூன்று முறை கழுவினேன். உப்புத்தண்ணீர் விட்டுப் பழைய துணியை நனைத்து எடுக்க வேண்டும், இழுக்கக்கூடாது. இரண்டு விரல் இருந்த இடத்தைப் பார்த்தேன். என் கை நடுங்கியது.

வலிக்கிறதா ஐயர் என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியல டீச்சர். வலிச்சா நல்லதுன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றார். அந்தப் பாதத்தில் உணர்ச்சியே இல்லையாம். பழைய ஷூவுக்குள் ஆணி ஏறியது அவருக்குத் தெரியவே இல்லையாம்.

நல்லாக் கடிக்கட்டும் என்று இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.

செப்டம்பர் 30, ஞாயிறு

ஐயர் நாற்காலியில் உட்கார்ந்தபடி சபைக்கு முன்னால் பேசினார். தனக்குச் சர்க்கரை வியாதி, பத்து வருஷமாக மறைத்தேன், மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை, இது தேவன் தந்த உடம்புக்குச் செய்த துரோகம், எல்லாரும் மன்னிக்க வேண்டும் என்றார். பெண்கள் பக்கம் அழுகை. ஆராதனை முடிந்து ஒன்பது பேர் வந்து, எனக்கும் இருக்கிறது என்று அவரிடம் மெதுவாகச் சொன்னார்கள். அதில் பொருளாளரும் ஒருவர்.

அவர் மன்னிப்புக் கேட்டபோது நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது. ஐயரம்மா திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்தே இருந்தேன்.

அக்டோபர் 6, சனி

அரைக் கூஜா காய்ச்சி வைத்தேன். சீனி போடவில்லை. நாளை மிச்சம் இருந்தால் முன்வரிசைக்காரர்கள் எல்லாரும் பகிர்ந்து குடிப்பது என்று கமிட்டி தீர்மானம் போட்டிருக்கிறது. அவ்வளவு லேசான காரியம் அது.

ஏழு மணிக்குப் போனேன். புண்ணின் ஓரம் சிவந்திருக்கிறது. சிவப்பு நல்லது, புதுச்சதை வருகிறது என்று நர்ஸம்மா சொல்லித் தந்திருக்கிறார். மருந்து வைத்துப் பஞ்சு வைத்து, கட்டைச் சுற்ற ஆரம்பித்தேன். பாதம் என் மடியில் இருந்தது.

ஐயர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அந்த லெட்டர் யாரு எழுதினதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது டீச்சர்" என்றார். நான் குனிந்து கட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். "கோவப்பட்டுத்தான் வாசிச்சேன். அப்புறம் யோசிச்சா, ஆண்டவரோட இரத்தம்னு நெசமா நம்புற ஒருத்தரு எழுதினதுன்னு பட்டுச்சு. நான் அந்த அளவுக்கு நம்புதேனான்னு ஒரு கேள்வி வந்துட்டு. அவங்களுக்கு முன்னால தோத்துரக் கூடாதுன்னுதான் அன்னைக்கு அஞ்சு கிண்ணத்தையும் குடிச்சேன். குடிக்கும்போதே தெரியும், விழுந்துருவேன்னு."

எனக்கு வாய்வரை வந்தது. வாசலில் ஐயரம்மா காப்பி டம்ளரோடு நின்றிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறாரோ தெரியவில்லை.

"டீச்சர், கட்டை இறுக்குதீங்க. ரத்தம் ஓடாது" என்றார் ஐயரம்மா.

பார்த்தேன். துணி பாதத்தில் பதிந்திருந்தது. ஐயருக்கு அது தெரியவில்லை. முழுவதையும் அவிழ்த்து, முதலிலிருந்து மறுபடி கட்டினேன்.